மெனாங்கிள் முதல் மன்னார்குடி வரை: வாயுவுக்கு முன்னால் வரும் தண்ணீர்

மேற்கு சிட்னியின் வில்லாவுட்டிலிருந்து ஹ்யூம் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போனால், கேம்பல்டவுன் தாண்டியதும் மெனாங்கிள் வந்துவிடும். நேப்பியன் ஆற்றங்கரை, மாட்டுப் பண்ணைகள், மேடும் பள்ளமுமாக மேய்ச்சல் நிலம். ஜான் மெக்கார்தர், எலிசபெத் மெக்கார்தர் தம்பதியின் கேம்டன் பார்க் பண்ணை இங்கேதான் இருந்தது. ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் ஆரம்பக் கதையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் எழுத முடியாது. அந்தப் பண்ணையின் ஒரு பகுதியில் இன்று எலிசபெத்தின் பெயரிலேயே மாநில அரசின் வேளாண் ஆய்வு நிலையம் நடக்கிறது.

இதே நிலத்தின் அடியிலிருந்து 2001 முதல் 2023 வரை எரிவாயு எடுத்தார்கள். ஏஜிஎல் நிறுவனத்தின் கேம்டன் எரிவாயுத் திட்டம் அது. மொத்தம் 144 கிணறுகள் தோண்டப்பட்டன. எல்லாவற்றிலிருந்தும் வந்த வாயு ரோசலிண்ட் பார்க் நிலையத்துக்குப் போய், ஈரம் நீக்கி, அழுத்தம் ஏற்றப்பட்டு, சிட்னிக்குப் போகும் குழாயில் கலந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய 5 சதவீதத்தை இந்தப் பண்ணை நிலம் கொடுத்தது. மேற்கு சிட்னியில் நாம் பால் காய்ச்சிய அடுப்புகளுக்கும் அதில் ஒரு பங்கு வந்திருக்கும்.

எண்ணெய்க் கிணறு என்றதும் நமக்குத் தோன்றும் உயரமான இரும்புக் கோபுரம் தோண்டும்போது மட்டும்தான் நிற்கும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சுவது கம்பிவேலி போட்ட ஒரு சிறு இடம். நடுவில் ஆள் உயரத்துக்கு வால்வுகளும் அழுத்தமானிகளும் அடுக்கிய குழாய்த் தலை. பக்கத்தில் தண்ணீரையும் வாயுவையும் பிரிக்கும் உருளை, தண்ணீருக்கு ஒரு தொட்டி, அளவீடுகளை அனுப்பச் சூரியத் தகடு வைத்த ஆன்டெனா. வேலிக்கு வெளியே மாடு மேயும். அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எரிவாயுக் கிணற்றில் தண்ணீருக்கு என்ன வேலை என்ற கேள்விக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது.

கேம்டன் வாயு நிலக்கரிக்குள்ளிருந்து வந்தது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கிடந்த காலத்தில், குளிர்ந்த சதுப்பு நிலங்களில் குளோசாப்டெரிஸ் என்ற மரம் காடாக நின்றது. நாக்கு வடிவ இலை அதற்கு. அந்தக் காடுகள் மண்ணுக்குள் புதைந்து, அழுந்தி, வெந்து நிலக்கரி ஆயின. சிட்னிக்கு அடியில் உள்ள கரியும் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் கரியும் இந்த ஒரே வம்சம்தான். இரண்டு இடத்துப் பாறையிலும் அதே நாக்கு இலையின் அச்சு கிடைக்கிறது.

மரம் கரியாக மாறும்போது மீத்தேன் பிறக்கிறது. ஆழத்தின் வெப்பத்திலும் பிறக்கும், பிற்காலத்தில் கரிக்குள் குடியேறும் நுண்ணுயிர்களாலும் பிறக்கும். சிட்னியின் கரியில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைச் சுரங்கத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். 1887-இல் புல்லி சுரங்க வெடிப்பில் 81 பேர், 1902-இல் மவுன்ட் கெம்ப்லாவில் 96 பேர் இறந்தார்கள். மெனாங்கிளுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ஆப்பின் சுரங்கத்தில் 1979 ஜூலையில் 14 பேர். கேம்டன் கிணறுகள் எட்டிப்பிடித்ததும் இந்தப் புல்லி கரிப்படுகையைத்தான். அங்கே அது 600, 700 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய பால்மெய்னில் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்துக்குப் போய்க் கரி வெட்டினார்கள். 1931-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அங்கிருந்தே மீத்தேனும் எடுத்தார்கள். வில்லாவுட் வீடுகளுக்கு அடியிலும் இதே பாறை அடுக்குகள்தான் ஓடுகின்றன.

சாதாரண இயற்கை எரிவாயு, மணற்கல்லின் இடுக்குகளில் அடைபட்டு, மேலே ஒரு கெட்டிப் பாறை மூடியிருக்கக் காத்திருக்கும். துளை போட்டால் தன் அழுத்தத்தாலேயே மேலே வரும். நிலக்கரிப் படுகை மீத்தேன் வேறு மாதிரி. அங்கே மீத்தேன் மூலக்கூறுகள் கரியின் உள்ளே இருக்கும் நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கிராம் கரியின் நுண்துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் நூறு சதுர மீட்டர் அளவுக்கு வரும். அத்தனை பரப்பிலும் மீத்தேன் படிந்திருக்கும். அதை அங்கேயே பிடித்து வைத்திருப்பது அழுத்தம். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது கரியின் விரிசல்களில் நிறைந்திருக்கும் தண்ணீர்.

கோலி சோடாவில் கோலியைத் தட்டி உள்ளே தள்ளியதும் அழுத்தம் விலகி வாயு சீறுகிறதே, அதே விதிதான் இங்கும். கரிப்படுகையில் தட்டிவிடக் கோலி கிடையாது. அழுத்தத்தைக் குறைக்க ஒரே வழி தண்ணீரை இறைப்பது. ஆகவே கிணறு வெட்டியதும் முதலில் மேலே வருவது தண்ணீர். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறைப்பார்கள். நீர்மட்டம் இறங்க இறங்கக் கரிச் சுவரிலிருந்து மீத்தேன் விடுபட்டு, விரிசல் வழியாகக் கிணற்றை நோக்கி நகரும். சாதாரணக் கிணற்றில் முதல் நாள் வாயு அதிகமாக வந்து பிறகு குறைந்துகொண்டே போகும். இங்கே முதலில் தண்ணீர் மட்டும், பிறகு தண்ணீர் குறைந்து வாயு ஏறி ஒரு உச்சத்தைத் தொட்டு, பிறகுதான் இறக்கம். கரியின் விரிசல்கள் இறுகிக் கிடந்தால், மணல் கலந்த நீரையும் சில இரசாயனங்களையும் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி விரிசலை அகலப்படுத்துவார்கள். ஃபிராக்கிங் என்று ஊரெல்லாம் பேசுவது இதைத்தான். கேம்டனிலும் பல கிணறுகளில் செய்தார்கள். ஃபிராக்கிங் கூடவே கூடாது என்று ஒரு பக்கமும், எல்லாம் பாதுகாப்பானதே என்று மறுபக்கமும் சத்தம் போடுகையில், தண்ணீரை இறைக்கும் இந்த அடிப்படை வேலை பேச்சில் அடிபடாமலே போய்விடுகிறது. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. ஃபிராக்கிங் இல்லாமல் இந்த வாயுவை எடுக்கலாம். தண்ணீர் எடுக்காமல் எடுக்க முடியாது.

கேம்டனில் வந்த தண்ணீர் மிகக் குறைவு. கரி ஆழத்தில் இருந்தது, இறுகியிருந்தது. விவசாயிகள் போர் போட்டு நீர் எடுக்கும் ஹாக்ஸ்பரி மணற்கல்லுக்கும் கரிக்கும் நடுவே நீரை எளிதில் விடாத களிக்கல் அடுக்கும் உண்டு. அதனால் 22 ஆண்டுகள் மாடு மேய்ந்த நிலத்தில் வாயுவும் எடுக்க முடிந்தது. குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரோசலிண்ட் பார்க் நிலையத்தின் புகைபோக்கியில் நைட்ரஜன் ஆக்சைடைத் தொடர்ந்து அளக்கத் தவறியதற்காக 2013-இல் மாநிலச் சூழல் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆனாலும் நிலத்தடி நீரைப் பொறுத்தவரை கேம்டன் சாதுவான இடம். அதைக் காட்டி, எங்கும் இப்படியே நடக்கும் என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது.

வடக்கே நராப்ரையைப் பாருங்கள். கோதுமையும் பருத்தியும் விளையும் ஊர். பக்கத்தில் பில்லிகா காடு. அங்கே சான்டோஸ் நிறுவனம் 850 கிணறுகள் வரை தோண்ட, 2020 செப்டம்பர் 30 அன்று மாநிலத்தின் சுயேச்சைத் திட்டக் குழு 134 நிபந்தனைகளுடன் அனுமதி கொடுத்தது. கரி கிடப்பது கன்னடா படுகையில். அதற்கு மேலே இருப்பது பெரும் ஆர்ட்டீசியன் படுகை. ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரந்த நிலத்தடி நீர் அது. பில்லிகா மணற்கல் அந்தப் படுகைக்கு மழைநீர் உள்ளே இறங்கும் வாசல்களில் ஒன்று. 25 ஆண்டுகளில் இந்தத் திட்டம் வெளியே எடுக்கப்போகும் தண்ணீர் 3,750 கோடி லிட்டர் என்று நிறுவனத்தின் கணக்கே சொன்னது. உப்புத் தண்ணீர். அதைச் சுத்திகரித்தால் சேரும் உப்பு 8.4 லட்சம் டன். அந்த உப்பை எங்கே வைப்பது? ஏரி வெட்டி வைத்தால் கசியும். ஏற்கனவே பில்லிகாவில் ஒரு கழிவுநீர்க் குளம் கசிந்து, மண்ணில் இயற்கையாக இருந்த யுரேனியம் உள்ளிட்ட உலோகங்கள் கரைந்து நிலத்தடி நீரில் சேர்ந்தன. 2014-இல் அதற்கு விதித்த அபராதம் 1,500 டாலர்.

இந்த நீரின் உப்பில் பெரும்பங்கு சோடியம் பைகார்பனேட். கடல் உப்பைவிட வயலுக்கு இது மோசம். சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும். காய்ந்தால் பாறைபோல் இறுகி, நனைந்தால் சேறாகி, நீரையும் காற்றையும் உள்ளே விடாத மண்ணாகிவிடும். நம் ஊர் விவசாயிகளுக்கு இது புதிதில்லை, களர் நிலம் என்பார்கள். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, அதைத் திருப்ப எத்தனை போகம் ஆகும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பவுடர் ரிவர் பகுதியில் கரிவாயுக் கிணறுகளின் நீரை ஆறுகளில் விட்டபோது, கீழ்ப்பக்கத்து மொன்டானா மாநிலம் 2003-இல் சோடியத்துக்கு அளவுவரம்பு விதித்துத் தன் வாய்க்கால்களைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குயின்ஸ்லாந்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. டார்லிங் டவுன்ஸ் பகுதியின் கருமண் நிலங்களில் விவசாயிகள் லேசர் கருவி வைத்து வயலை மட்டப்படுத்துகிறார்கள். கிலோமீட்டர் நீளமுள்ள வயல். ஒரு முனையில் விட்ட தண்ணீர் மறுமுனை வரை தானாக ஓடும்படி நூல் பிடித்ததுபோல் சரிவு வைப்பார்கள். அடியில் கரிப்படுகையின் தண்ணீரை இறைத்தால், அந்த நீர் தாங்கிக்கொண்டிருந்த பாறை அழுந்தி மேல் நிலமும் சிறிது இறங்கும். சில சென்டிமீட்டர்தான். வீட்டுச் சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் லேசர் பிடித்த வயலில் சில சென்டிமீட்டர் சீரில்லாமல் இறங்கினால் ஒரு பக்கம் நீர் தேங்கிப் பயிர் அழுகும், மறுபக்கம் ஏறாமல் காயும். இதைப் பற்றி விவசாயிகள் பல வருடம் கத்திய பிறகு, 2024-இல் அந்த மாநிலம் நிலம் இறங்குவதற்கென்று தனிச் சட்டவிதி கொண்டுவந்தது. போர்களில் நீர் குறைந்தால் நிறுவனமே ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி அங்கே முன்பே உண்டு. நூற்றுக்கணக்கான போர்கள் பாதிக்கப்படும் என்று அரசின் நிலத்தடி நீர் அலுவலகமே கணித்து வெளியிடுகிறது.

இப்போது காவிரி டெல்டா. சில சென்டிமீட்டர் சரிவை நம்பி நீர் பாயும் நிலம் என்றால் உலகத்தில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது திருவாரூரும் நாகப்பட்டினமும்தான். கடைமடையில் வாய்க்கால் அரை அடி மேடானால் அந்த வருடச் சம்பா போய்விடும். இந்த நிலத்தில், மன்னார்குடியை மையமாக வைத்து 667 சதுர கிலோமீட்டர் பரப்பில் கரிவாயு எடுக்க, 2010-இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் தமிழக அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த நிறுவனம் 2007-இல் ராணிகஞ்சில் இந்தியாவிலேயே முதன்முதலாக வணிக அளவில் கரிவாயு எடுத்த நிறுவனம். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும் என்று நினைத்திருப்பார்கள்.

ராணிகஞ்ச் கரி 25 கோடி வருடப் பழசு, நன்றாக வெந்து இறுகியது. மன்னார்குடிக்கு அடியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. நெய்வேலிக் கரியின் உறவு, சில கோடி வருடமே ஆன இளம் கரி. இளம் கரி பொதுவாக வாயுவைக் குறைவாகவும் தண்ணீரை அதிகமாகவும் வைத்திருக்கும். அதன் மேலும் கீழும் இருப்பது நீர் நிறைந்த மணல், மணற்கல் அடுக்குகள். கேம்டனில் இருந்த களிக்கல் காவலை இங்கே நம்பி உட்கார முடியாது. கரியைச் சுற்றிய நீரை இறைப்பது என்றால் என்ன என்று நெய்வேலி நமக்கு 1961 முதல் காட்டிக்கொண்டிருக்கிறது. கரிக்கு அடியில் இருக்கும் அழுத்த நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடிக்காமல் இருக்க, அங்கே இரவும் பகலும் பம்பு ஓடியாக வேண்டும். டெல்டாவில் அதே வேலையைச் செய்தால் கிழக்கே காத்திருப்பது கடல். நல்ல நீர் இறங்கிய இடத்துக்கு உப்பு நீர் ஏறும். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்தில் போர்த் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் இதைத்தான். 2013 டிசம்பர் 30 அன்று, இந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் இறந்தார். அந்த ஆண்டே தமிழக அரசு திட்டத்தை இடைக்காலமாக நிறுத்தியிருந்தது. நிபுணர் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2015 அக்டோபரில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. மக்கள் போராட்டத்தை உணர்ச்சி வேகம் என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. பாறையைப் படித்தால் போராடியவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

இதோடு ஓஎன்ஜிசி கிணறுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குத்தாலம், நரிமணம் பகுதிகளில் அவர்கள் எடுப்பது ஆழமான மணற்கல்லில் அடைபட்ட சாதாரண எண்ணெயும் வாயுவும். அதற்குக் கரிப்படுகை நீரை இறைக்க வேண்டியதில்லை. அங்கே ஆபத்து வேறு வகை: குழாய் துருப்பிடித்துக் கசிவது, வயலில் எண்ணெய் பரவுவது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் நடந்தது அதுதான். அந்த ஆபத்துக்குக் குழாய்ப் பராமரிப்பையும், கசிந்தால் யார் பொறுப்பு என்பதையும் பிடித்துக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் திட்டினால் அதிகாரிகள் சுலபமாக நழுவிவிடுவார்கள்.

சட்டம் யாரைக் காக்கிறது என்று பார்க்கும்போதுதான் மனது கொதிக்கிறது. 2011-இல் சிட்னி நகருக்குள்ளேயே செயின்ட் பீட்டர்ஸில் ஒரு ஆய்வுக் கிணறு தோண்டும் யோசனை வந்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், கிணறு வரவில்லை. 2013 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் அரசு, குடியிருப்புகளைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் கரிவாயுக் கிணறு கூடாது என்றது. கேம்பல்டவுன் வீடுகளின் அடியில் கேம்டன் திட்டத்தை விரிக்க இருந்த ஏற்பாடு அதோடு நின்றது. ஹன்டர் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கும் பந்தயக் குதிரைப் பண்ணைகளுக்கும் இதே பாதுகாப்பு கிடைத்தது. கோதுமை விளையும் நிலத்துக்குக் கிடைக்கவில்லை. நல்ல விளைநிலம் என்றால் நிபுணர் குழு ஒன்று பார்த்து ஆலோசனை சொல்லும், தடுக்க முடியாது. நிலம் உழவருடையது, அடியில் இருக்கும் வாயு அரசுடையது. இந்தியாவிலும் அப்படித்தான். 2014 மார்ச்சில் சான்டோஸும் ஏஜிஎல்லும் விவசாய அமைப்புகளோடு சேர்ந்து, உரிமையாளர் வேண்டாம் என்ற நிலத்தில் தோண்டமாட்டோம் என்று கையெழுத்திட்டன. நல்ல காரியம், ஆனால் அது ஒரு வாக்குறுதி, சட்டம் அல்ல. பக்கத்து நிலத்துக்காரர் சம்மதித்துவிட்டால் தண்ணீர் வேலி பார்த்து நிற்காது.

மாநிலத்தின் தலைமை அறிவியலாளராக இருந்த மேரி ஓகேன் 2014 செப்டம்பரில் கொடுத்த அறிக்கை, சரியான இடம், கடுமையான தரம், இடைவிடாத கண்காணிப்பு, எல்லோரும் பார்க்கக்கூடிய தரவு இவை இருந்தால் ஆபத்துகளைச் சமாளிக்கலாம் என்றது. அவர் சொன்ன 16 பரிந்துரைகளில் 14 முழுமையாக நிறைவேறவில்லை என்று 2020-இல் சட்ட மேலவையின் விசாரணைக் குழு கண்டது. இந்தியாவில் 2020 ஜனவரியில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்று விதியைத் தளர்த்த, அடுத்த மாதமே தமிழகச் சட்டப்பேரவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய கரிவாயு, எண்ணெய்க் கிணறுகளுக்கு டெல்டாவில் அது தடை போட்டது. ஏற்கனவே ஓடும் கிணறுகளைத் தொடவில்லை.

மூடுவதற்கும் முறை உண்டு. கேம்டனில் கிணற்றுக்குள் அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் இறக்கி, மண்மட்டத்துக்குக் கீழே குழாயை வெட்டி, மேலே மண் போட்டுப் புல் விதைத்தார்கள். அந்தச் சிமென்ட் அடைப்பு நூறு வருடம் கழித்தும் பிடிக்க வேண்டும், ஏனென்றால் மீத்தேன் கசிந்தால் 20 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். மூடிய கிணற்றையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அளப்பது என்றதும் குயின்ஸ்லாந்தின் கான்டமைன் ஆறு ஞாபகம் வருகிறது. 2012-இல் அதன் நீரில் மீத்தேன் குமிழ்கள் கொப்பளிப்பதை மக்கள் கவனித்தார்கள். 2016-இல் ஒரு மாநில எம்.பி. படகில் உட்கார்ந்து அந்த ஆற்றையே பற்றவைத்துக் காட்டினார். கிணறுகளால் வந்ததா, முன்பே இயற்கையாகக் கசிந்ததா என்று இன்றுவரை வாதம் ஓடுகிறது. கிணறு வருவதற்கு முன் போதுமான அளவீடு எடுத்து வைக்காததுதான் காரணம். முன்னால் எடுத்த கணக்கு இல்லாதவனுக்குப் பின்னால் எந்த நீதிமன்றத்திலும் பேச்சில்லை.

சிட்னியில் இருக்கும் நம்மில் பலருக்குத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இன்னும் வயல் இருக்கிறது, அண்ணனோ மாமாவோ அதைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த முறை போனில் பேசும்போது ஒன்றைக் கேளுங்கள்: போர்த் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறோமா? வேளாண் துறையின் ஆய்வுக் கூடங்களில் உப்பின் அளவு, கார அமில நிலை, சோடியம் எல்லாம் பார்த்துச் சொல்வார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, கோடையிலும் மழை முடிந்த பிறகும் கொடுக்கச் சொல்லுங்கள். கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தையும் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சட்டம் நாளைக்கு மாறலாம். அந்த நோட்டு இருந்தால் ஊருக்குச் சாட்சி இருக்கும்.